அண்ணி வீட்டு விறகு

செப்டம்பர் முடிவதற்குள்ளேயே மலை உச்சிகளில் வெள்ளை இறங்கிவிட்டது. ஊரில் எல்லா வீட்டுச் சுவரோரமும் விறகு அடுக்கியாகிவிட்டது. ஜமாலின் முற்றத்தில் மட்டும் லார்ச் மரக் கட்டைகள் லாரி கொட்டிய இடத்திலேயே கிடந்தன. பிளப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. அவள் கணவன் தொலெகேன் காலையில் பால் தேநீரைக் குடித்த கையோடு கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போய்விடுவான்.

அவன் அண்ணன் முகான் போன வசந்தத்தில், உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து முழுகிப்போனான். அவன் மனைவி குல்யாஷ் தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்தாள். நாற்பது வயது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். இத்தனை வருடத்தில் ஜமால் கவனித்திராத அந்தக் குழி இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது.

அண்ணன் போனால் அவன் மனைவியைத் தம்பி ஏற்பது அந்தக் காலத்து வழக்கம். இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு ரைசா விடவில்லை. "ஜமாலு, உன் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் குளிர்கால விறகையே பிளந்து முடிச்சுட்டார் போல. இந்தப் பக்கம் எப்போ வர்றாராம்?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டாள். ஜமால் சிரித்து மழுப்பினாள். உள்ளே பற்றி எரிந்தது.

அடுப்புதான் எரியவில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவராக நிற்கும் செங்கல் அடுப்பு அது. புகைவழியில் கரி அடைத்திருந்தது, பூச்சும் வெடித்திருந்தது. பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவனும் நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று காலை குளிர் தாங்காமல் மூட்டியதும் வெடிப்பெல்லாம் புகை கக்கியது. இருமிக்கொண்டே நெருப்பை அணைத்தவள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்றுதான் போனாள்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் கோடாரி குல்யாஷின் கையில் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு அவள்தான் கட்டை பிளந்துகொண்டிருந்தாள். தொலெகேன் மரத்துண்டின்மேல் குந்தியிருந்தான், தொப்பி மடியில், முகம் நனைந்து. ஜமாலைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று முணுமுணுத்தபடி வெளியே போய்விட்டான்.

குல்யாஷ் கோடாரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"நீ வந்தது நல்லதாப் போச்சு. மூணு வாரமா இதான் நடக்குது. ரெண்டு கட்டை பிளப்பாரு, உக்காந்துடுவாரு. ஆத்துல பனி உடைஞ்ச அன்னைக்கு இவர் கயிறு எடுக்க ஓடிட்டுத் திரும்பறதுக்குள்ள அவர் போயிட்டாராம். கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா பிடிச்சிருப்பேன்னு அதையே சொல்லிச் சொல்லி அழறாரு. நானும் எத்தனை தடவைதான் கேப்பேன் ஜமாலு? எனக்கும்தானே அவர் இல்லாமப் போனாரு."

கயிறு எடுக்க ஓடியதை அவன் ஜமாலிடம் சொன்னதே இல்லை. ஆறு மாதம் பக்கத்தில் படுத்திருந்தும் ஒரு வார்த்தை இல்லை. வேறு ஏதாவதாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இதற்கு யாரிடம் சண்டை போடுவது? கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "என் அடுப்பு புகையுதுக்கா."

குல்யாஷ் கை கழுவிக்கொண்டு கூடவே வந்தாள். கூரைமேல் ஏறி, கயிற்றில் கல்லும் துடைப்பமும் கட்டிப் புகைபோக்கிக்குள் விட்டு ஏற்றி இறக்கினாள். கீழே ஜமால் அடிச்செங்கல்லை உருவி வாளி வாளியாகக் கரி அள்ளினாள். பிறகு களிமண்ணும் மணலும் குதிரைமுடியும் சேர்த்துப் பிசைந்து வெடிப்புகளை அடைத்தார்கள். குல்யாஷின் கை சுவரில் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கையைப் பார்க்கவும் ஜமாலுக்குப் பொறுக்கவில்லை.

"என்மேல எரிச்சலா இருக்கா?" என்றாள் குல்யாஷ், திரும்பாமல்.

"இருக்கு."

"இருக்கட்டும். மண்ணைக் குடு."

சாயங்காலம் தொலெகேன் கோடாரியோடு வந்தபோது, பூச்சு உலர்வதற்காகச் சிறு சிராய்களால் மூட்டிய தீ ஒன்று மெல்ல எரிந்துகொண்டிருந்தது. புகை ஒழுங்காக மேலே போனது.

"அக்காவுக்கு விறகு போதுமாம். இனிமே அங்க போகவேணாம்" என்றாள் ஜமால். "கயிறு விஷயத்தை என்கிட்ட சொல்லுங்க."

"உன்கிட்ட சொன்னா நீ என்னை எப்படிப் பாப்பியோன்னு பயமா இருந்துச்சு" என்றான். சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்ப் பிளக்க ஆரம்பித்தான். காட்டில் நின்றபடியே காய்ந்த மரம் என்பதால் ஒரே வெட்டில் பிளந்தது. ஜமால் பின்னாலேயே போய்ச் சுவரோரம் அடுக்கினாள்.

மூன்றாவது வரிசை அடுக்கும்போது அவன் பேச ஆரம்பித்தான். பனிக்கட்டி உடைந்த சத்தம், அண்ணன் கத்தியது, கயிறு வண்டிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. எங்கேயும் தடுமாறவில்லை. இன்னொருத்தியிடம் பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பேச்சு அது. அதுவும் அவளைச் சுட்டது. ஆனால் ஒரு கட்டையைக்கூடக் கீழே போடாமல் கடைசிவரை கேட்டாள்.