பீற்றிஸ் அக்கா சொன்ன இடம்

பீற்றிஸ் அக்கா தொலைக்காட்சியில் எந்த இடத்தைச் சொன்னாரோ அந்த இடத்தில் பரிசு இருந்தது. பத்தொன்பது வருடங்களில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இயங்கிய சிறிய கேபிள் தொலைக்காட்சி அது. மாலை ஐந்தரைக்கு அவர் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார். பெற்றோர் பிள்ளையின் படத்தை அனுப்பும்போது, பரிசை எங்கே ஒளித்திருக்கிறோம் என்றும் எழுதுவார்கள். அவர் இடத்தைச் சொன்னதும் பிள்ளை எழும்பி ஓடும். ஒரு மாரியில் கடிதம் நனைந்து எழுத்து அழிந்துபோக, எதையாவது சொல்லிச் சமாளிப்போம் என்று, "டிலுக்ஷன் குட்டி, கிணற்றடியில போய்ப் பாருங்க" என்றார். அலுமாரிக்குப் பின்னால் தகப்பன் மறைத்து வைத்த சைக்கிள் கிணற்றடியில் நின்றது.

அதன் பிறகு பெற்றோர் இடம் எழுதுவதை விட்டார்கள். கொஞ்ச நாளில் பரிசு வாங்குவதையும் விட்டார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று திட்டலாம், ஆனால் பாதி வீடுகளில் வாங்க வழியும் இல்லை. பரிசுகள் எங்கிருந்தோ வந்தன, தம்மோடு ஒட்டிக்கொண்டிருந்ததையும் இழுத்துக்கொண்டு. ஏறாவூரில் ஒரு நாய்க்குட்டி, கட்டியிருந்த கம்பத்தோடு வந்தது. ஒரு புத்தகப்பை அது தொங்கிய ஆணியோடும், ஆணி அறைந்த சுவர்த்துண்டோடும் வந்தது. காத்தான்குடியிலிருந்து கடைக்காரர் பஹ்மி படியேறி வந்து, "பை போனாப் போகட்டும் அக்கா, செவரையாவது திருப்பித் தாங்க" என்றார். பீற்றிஸ் அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்தார், வேறென்ன செய்வது. மூன்று தடவை வேலையை விட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் பிள்ளைகள் மருந்துக்கடை வாசலில் நின்று அழுதார்கள். வந்த கலியாணப் பேச்சுகள் எல்லாம் அந்த ஐந்தரை மணியில் முட்டி நின்றுபோயின.

வந்தாறுமூலையிலிருந்து தக்ஷாயினி என்ற பிள்ளை தன் ஏழாவது பிறந்தநாளுக்குத் தானே ஒரு தபாலட்டை எழுதினாள். 'எனக்குப் பரிசு வேண்டாம். அம்மா எங்கே என்று சொல்லுங்கள்.' தாய் கண்ணகை சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதல் வருடம் போன் எடுத்தாள், அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பீற்றிஸ் அக்கா அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, கட்டிலுக்குக் கீழே பொம்மை என்று வாசித்தார். எட்டாவது பிறந்தநாளுக்கும் அதே அட்டை வந்தது, அதற்கு வர்ணப் பென்சில் என்றார். அவருக்குப் பயம். உடைந்த பொருள் உடைந்தபடியேதான் வரும். கண்ணகை உயிரோடு இல்லையென்றால் அந்தப் பிள்ளை எதைக் காணும்? ஒன்பதாவது பிறந்தநாளன்று தகப்பன் உதயரூபன் வயல் வட்டையிலிருந்து காலில் சேறோடு நேரே வந்தான். "எப்பிடி வந்தாலும் சரி அக்கா, சொல்லிப்போடுங்க. இனி என்னால புள்ளைக்குப் பொய் சொல்லேலா." இருவரும் அழுதார்கள்.

அவன் வீடு போய்ச் சேரும்வரை காத்திருந்து பீற்றிஸ் அக்கா வாசித்தார். "தக்ஷாயினி, உங்கட அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால நிக்கிறா. அப்பா முதல்ல போய்ப் பாக்கட்டும்."

கண்ணகை நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் உயிரோடு நின்றாள். கையில் பால் போத்தல். கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு இரண்டு வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் வேலை செய்த வீட்டுப் பிள்ளை, பெயர் பைசல். தக்ஷாயினி தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோசம் பைசல் கண் விழிக்கும்வரை இருந்தது. அவன் தன் தாயைத் தேடிப் பதினொரு நாள் அழுதான்.

கண்ணகைக்கு அந்த வீட்டு வாசலின் பச்சைக் கேற்றைத் தெரியும், விலாசம் தெரியாது. கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில், விமானத்தில் வராத ஒருவரை விமானத்தில் அனுப்பச் சட்டமில்லை என்று சிரிக்காமல் சொன்னார்கள். பீற்றிஸ் அக்கா பைசலின் தாய்க்கென்று அவன் இருக்கும் வீட்டைத் தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அந்தக் கேபிள் வடக்கே வாழைச்சேனையோடும் தெற்கே களுவாஞ்சிக்குடியோடும் முடிந்துவிடும்.

பைசலுக்கு இப்போது நான்கு வயதிருக்கும். வந்தாறுமூலைத் தமிழ் பேசுகிறான், தக்ஷாயினியை அக்கா என்கிறான். அவன் பிறந்த தேதி கண்ணகைக்குத் தெரியாது. அதனால் பீற்றிஸ் அக்கா தினமும் அவனுக்கு வாழ்த்து வாசிக்கிறார். முதலில் மற்றப் பிள்ளைகள் குறை சொன்னார்கள், பிறகு பழகிவிட்டது. பெயர் வந்ததும் பைசல் பாயிலிருந்து எழும்பி, எங்கே ஓட வேண்டும் என்று கேட்கத் திரையைப் பார்த்து நிற்பான். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஊருக்கே தெரியும். முன்பு அரபில் கேட்டான், இப்போது தமிழில் கேட்கிறான். ஆனால் அந்தத் தாயின் கழுத்தை இப்போது எந்தப் பிள்ளை கட்டிக்கொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும். பீற்றிஸ் அக்கா அவனுக்கு இடம் எதுவும் சொல்லாமல், குனிந்து அடுத்த பிள்ளையின் பெயரை வாசிக்கிறார்.