அப்பா நிறுத்திய கப்பல்

எங்கள் சுவுரோய் தீவிலிருந்து, எங்கள் தீவுக்கூட்டத்தின் தலைநகர் தோர்ஸ்ஹாவனுக்குப் போகும் கப்பலுக்குக் கேப்டன் என் கணவர் ஹானுஸ். மகள் சுன்வா கப்பல் வடிவமைப்பு படிக்க கடல் தாண்டித் தொலைவிலுள்ள கோபன்ஹேகன் போவேன் என்றாள். இவரோ தோர்ஸ்ஹாவனிலேயே ஏதாவது படிக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ரெண்டே மணி நேரம். வெள்ளிக்கிழமையானா நானே கூட்டிட்டு வந்துடுவேன்."

"அவ என்ன நீங்க ஏத்தி இறக்குற ஆடா?" என்றேன்.

மார்ச் மாதம் தோர்ஸ்ஹாவன் பல்கலைக்கழகத்தைப் பார்க்க மூவரும் கிளம்பினோம். துறைமுகத்தில் காற்று கார்க்கதவையே பிடுங்கப் பார்த்தது. ஹானுஸ் கப்பலில் ஏறி அலையைப் பார்த்துவிட்டு, முகம் தொங்க இறங்கி வந்தார்.

"இன்னிக்குக் கப்பல் போகாது."

சுன்வா பையைக் கீழே வைக்கவில்லை. "பக்கம்னு சொன்னீங்களேப்பா! காத்தடிச்சா ரெண்டு ஊரும் ஒரே தூரம்தான்."

"குளிர்காலம் பூரா இதே கதைதான்," என்று நானும் விடவில்லை.

அவர் கடலைத் திட்டினார். "இந்தக் காத்துலயும் ஓடுற மாதிரி ஒரு கப்பல் கட்ட எவனுக்கும் துப்பில்ல!"

"அதைப் படிக்கத்தானேப்பா போறேங்கிறேன்!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

ஆகஸ்டில் கோபன்ஹேகன் கிளம்பிய அவளை வழியனுப்ப, தோர்ஸ்ஹாவன் வரை அவர் கப்பலிலேயே புறப்பட்டோம். நடுக்கடலில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"கேப்டன் பேசுறேன். என் பொண்ணு கப்பல் கட்டப் படிக்கப் போறா. அவ வர்ற வரைக்கும் இந்த ஓட்டைக் கப்பலைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க!"