கூரை மேல் நாற்பது நிமிடங்கள்

1

இந்தக் கதை ஒரு புறாவின் பிடிவாதத்தால் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு டென்ஸில் பந்தயப் புறா வளர்க்கிறார். கார்ன்வாலின் இந்தக் கடலோரத் தெருவுக்கு நான் வந்து பதினோரு வருடம். அவரிடம் பேசிய வாக்கியங்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். போன ஜூனில் ஒரு சனிக்கிழமை மதியம், அவருடைய புறா எல்லாருடைய புறாவுக்கும் முன்னால் வந்து சேர்ந்தது. ஆனால் கூண்டுக்குள் போகவில்லை. என் கூரையில் உட்கார்ந்துகொண்டது. டென்ஸில் கீழே நின்று, தானியம் போட்ட தகர டப்பாவைக் குலுக்கினார்.

“வாடி தங்கம். வாடி ராசாத்தி. அடியே, வந்து தொலையேண்டி!”

பதினெட்டு நிமிடம். பந்தயம் போயிற்று.

“அனுப்புறதுக்கு முன்னாடி என் பொண்டாட்டி தீனி வச்சிருக்கா,” என்றார். “பசிச்ச புறாதான் உள்ள வரும். வயிறு நெறஞ்சது கூரையோட நின்னுடும்.”

“கூரைக்கு வந்த நேரம் கணக்கில்லையா?” இது என் பன்னிரண்டாவது வாக்கியம்.

“கூண்டுல நுழையிற நேரம்தாம்மா வந்த நேரம். அதுக்கு முன்னாடி அது வரவே இல்ல.”

அன்று மாலை நான் சமைக்கவில்லை. அந்தப் பதினெட்டு நிமிடம் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

தொடக்கங்கள்:

‘1918 ஜூனில், ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடிப் போன கடற்படையின் வாயு நிரப்பிய வான்கப்பல் ஒன்று—’ [பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.]

‘வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய மீன் ஆகாயத்தில் நீந்திக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு படகு தொங்கியது. படகில் மூன்று பேர், ஒரு கூடை, கூடைக்குள்—’ [இது பரவாயில்லை. ஆனால் மீன் மூழ்காது.]

‘மோர்வென்னாவின் கையில் ஒரு பிடி பட்டாணி இருந்தது.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மோர்வென்னாவுக்கு இருபத்தொரு வயது. வான்கப்பல் தளத்துப் புறாக்கூண்டில் வேலை. கம்பியில்லாத் தந்தி பழுதானால் செய்தி கொண்டுவர, ஒவ்வொரு கப்பலும் கூடையில் புறாவோடுதான் கிளம்பும். (வழக்கமாக இரண்டு புறா. கதைக்காக ஒன்றைக் குறைத்தேன். அந்த இரண்டாவது புறா அவ்வப்போது என் கனவில் வந்து உட்கார்கிறது.)

அன்று கிளம்பவிருந்த கப்பலின் என்ஜின்காரன் ஜோரி. அவளுடைய இரட்டைச் சகோதரன். பிஸ்கி என்ற புறா இருந்த கூடையை வாங்கிக்கொள்ள வந்திருந்தான்.

“என்ன, பிஸ்கி மூஞ்சி வாடியிருக்கு? உன் சமையலச் சாப்பிட்டுச்சா?”

“வாய மூடுடா. பசியில இருக்கு. பறக்கப் போறதுக்குத் தீனி வைக்கக் கூடாது, தெரியுமில்ல?”

“எனக்கு மட்டும் அம்மா ரெண்டு பன் கட்டிக் குடுத்திருக்காங்க. இதுக்குப் பட்டினி. இதென்னடி நியாயம்?”

“‘டி’ போட்டுப் பேசாத. நான் உனக்குப் பத்து நிமிஷம் மூத்தவ.”

“அந்தப் பத்து நிமிஷமும் நான் உள்ள நிம்மதியா இருந்தேன், மகாராணி.”

அவள் சிரித்தாள். ஜோரி கையுறையைத் தேடித் திரும்பினான். சாம்பல் நிறப் பெட்டை பிஸ்கி, பிரம்புக்கு நடுவே மூக்கை நீட்டியது. மோர்வென்னா கையைத் திறந்தாள்.

4

இங்கே எனக்குச் சந்தேகம். விதி தெரிந்தவள் ஏன் தீனி போட்டாள்? அன்பு என்று எழுதினேன். பெரிய சொல்லாக இருந்தது. அலட்சியம் என்று எழுதினேன். அது அவள் இல்லை. பட்டாணி கையில் இருந்தது, பறவைக்குப் பசி, அவ்வளவுதான் என்று எழுதினேன். இதை மட்டும் அடிக்கவில்லை.

இன்னொரு வழியும் பார்த்தேன். பறக்கும்போது ஜோரி தன் பன்னைப் பிய்த்துப் புறாவுக்கு ஊட்டுகிறான். நல்ல காட்சி. மோர்வென்னாவுக்கும் விடுதலை. ஆனால் பழியைச் செத்தவன் தலையில் வைக்கிறோம். அவனால் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

(செத்தவன் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் சொல்ல நினைக்கவில்லை.)

5

இரண்டு மணி இருக்கும். கரையிலிருந்து தென்மேற்கே முப்பது மைல். மெல்லிய மூட்டம். என்ஜின் நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். இப்போது இவ்வளவுதான் மிச்சம்: என்ஜின் நின்ற கப்பல் காற்றோடு சேர்ந்து போகும். சேர்ந்து போகிறவர்களுக்குக் காற்று தெரியாது. முடி அசையாது. தீக்குச்சி அணையாது. உலகமே நின்றுவிட்டது போலிருக்கும். கீழே கடல் மட்டும், யாரோ உருவுகிற துணியைப் போல, நகர்ந்துகொண்டிருக்கும்.

தந்தியும் செத்திருந்தது. ஜோரி மெல்லிய தாளில் எழுதினான்: ‘2.10. என்ஜின் போச்சு. வாயு கசிகிறது. தென்மேற்கே 30 மைல். இறங்கிக்கொண்டிருக்கிறோம்.’ பிஸ்கியின் காலில் இருந்த சிறு குழாயில் அதைச் சுருட்டி வைத்தான்.

“என் அக்காகிட்ட சொல்லு,” என்றான் அதனிடம், “அவதான் மூத்தவ, ஒத்துக்கிறேன்னு.”

பறக்கவிட்டான். கப்பலின் நிழல் கடல் மேல் மிதந்தது. முதலில் ஒரு அரிசி அளவு. பிறகு ஒரு படகு அளவு. இறங்குகிறோம் என்பது அவர்களுக்கு நிழல் வளர்வதில்தான் தெரிந்தது.

6

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குப் பிஸ்கி புறாக்கூண்டின் கூரையில் வந்து உட்கார்ந்தது.

மோர்வென்னா டப்பாவைக் குலுக்கினாள். புறா இறகைக் கோதியது. கூண்டின் தலைவர் செக்வின் ஏணியைக் கொண்டுவந்தார். ஏணி சாத்திய பக்கத்திலிருந்து அது மறுபக்கம் நடந்துபோனது.

“கால்ல குழாய் இருக்கு சார்! சேதி இருக்கு!”

“கத்தாதம்மா, பறந்துடும். குலுக்கு. மெதுவா.”

“வா கண்ணு. வா, வா…”

“என்னிக்கும் இப்பிடிப் பண்ணாதே இது. காலையில தீனி ஏதாச்சும் வச்சியா?”

டப்பா மட்டும் குலுங்கியது. செக்வின் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

மூன்று நாற்பத்திரண்டுக்கு அது, ஏதோ நினைவுக்கு வந்தது போல, உள்ளே போனது. செக்வின் பேரேட்டில் எழுதினார்: ‘பிஸ்கி வந்த நேரம் 3.42.’ அவர் பொய் எழுதவில்லை. ஊரில் அவர் பந்தயப் புறா வளர்த்தவர். நுழைந்த நேரம்தான் வந்த நேரம்.

மீட்புப் படகு மூன்று ஐம்பதுக்குக் கிளம்பியது. ஆறு மணி வரை தேடியது. கப்பலின் வெள்ளித் துணியில் ஒரு துண்டு கிடைத்தது.

7

நான் படித்தது இயற்பியல். அதனால் விபத்து விசாரணையில் நடக்கும் கணக்கு மட்டும் எனக்குக் கற்பனை செய்யாமலே வந்தது.

புறா மணிக்கு நாற்பத்தைந்து மைல் பறக்கும். அன்று காற்று கரையிலிருந்து கடலுக்கு; அதை எதிர்த்துத்தான் வந்தது. கிளம்பியது 2.10 என்று தாள் சொல்கிறது. வந்தது 3.42 என்று பேரேடு சொல்கிறது. முப்பது மைலுக்குத் தொண்ணூற்றிரண்டு நிமிடம்; மணிக்கு ஏறக்குறைய இருபது மைல். அப்படியானால் எதிர்காற்று மணிக்கு இருபத்தைந்து மைல்.

“கரையில இவ்வளவு தெரியல. நடுக்கடல்ல இருந்திருக்கு,” என்றார் விசாரணை அதிகாரி. “கப்பலக் கடலுக்குள்ள தள்ளிட்டே போற அந்தக் காத்துல, எந்தப் படகு போயிருந்தாலும் அவங்களப் பிடிச்சிருக்க முடியாது. யார் மேலயும் தப்பில்ல.”

மோர்வென்னா தன் பாவாடையின் மேல் விரலால் கணக்கு எழுதிப் பார்த்தாள். 3.02. ஐம்பத்திரண்டு நிமிடம். காற்று பத்து மைல்தான். பத்து மைல் காற்றில், மூன்று பத்துக்கே படகு கிளம்பியிருந்தால்—

[இந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை.]

அந்த நாற்பது நிமிடம் எந்தத் தாளிலும் இல்லை. அவளிடமும் செக்வினிடமும் மட்டும் இருக்கிறது. இப்போது உங்களிடமும்.

(வயிறு நிறைந்த புறா மெதுவாகப் பறக்கும் என்றும் டென்ஸில் சொன்னார். அப்படியானால் காற்று பத்துகூட இல்லை. இதை மோர்வென்னாவிடம் நான் சொல்லவில்லை.)

8

முடிவுகள்.

ஒன்று: அவள் எழுந்து சொல்லிவிடுகிறாள். ஆனால் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். வாசலில்தான் மகளிடம் கேட்டிருந்தாள்: “காத்துதான்னு சொல்றாங்களே, நெசமாடி? காத்துன்னா சரி. காத்தோட யாரு சண்ட போட முடியும்?” அந்தக் காற்றை அம்மாவிடமிருந்து பிடுங்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

இரண்டு: சொல்லாமல் இருக்கிறாள். ஐம்பது வருடம், காற்றடிக்கிற ஒவ்வொரு நாளும், அதன் வேகத்தை மனதுக்குள் அளக்கிறாள். எழுதினேன். அது எனக்கு மிகச் சுலபமாக வந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அதனாலேயே அதை நம்பவில்லை.

மூன்று: காலைக்குத் திரும்பிப் போகிறேன். அவள் கையை நான் மூடிவிடுகிறேன். பசித்த புறா நேரே உள்ளே பறந்துவருகிறது. மூன்று பேரும் கரையில் நனைந்த சாக்ஸோடு தேநீர் குடிக்கிறார்கள். ஜோரி, “பத்து நிமிஷம் மூத்தவளே, இன்னொரு பன் இருக்கா?” என்கிறான். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்த மூன்று பேரையும் கடலில் போட்டது நான். ஒரு பிடி பட்டாணியைக் காட்டி நான் நழுவுவது சரியில்லை.

9

எனவே, இதுதான் இருக்கிறது:

விசாரணை அறை. ஜன்னலுக்கு வெளியே மூட்டம். செக்வின் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவின் கை மகளின் கை மேல் இருக்கிறது. அதிகாரி பேனாவை மூடுவதற்கு முன் கேட்கிறார்:

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

மோர்வென்னா அம்மாவின் கையை மெல்ல எடுத்து வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள். இவ்வளவு தூரம் அவளைக் கொண்டுவந்துவிட்டேன். இனி ஏணி வைத்தால், பிஸ்கியைப் போல, மறுபக்கம் நடந்துவிடுவாள்.

அவள் வாய் திறந்திருக்கிறது. நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். டப்பா உங்கள் கையில். மெதுவாகக் குலுக்குங்கள்.