துவர்த்துக்குப் பின்னால்

அபின் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவனுடைய தொடை, அவன் அப்பாவின் கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. பெட்டியை விட்டு வெளியே வந்ததும் நானும் அவரும் மூச்சு விட்டோம். டாக்டர் விடவில்லை. மூளை சரியாக வளர்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும், ஒன்பது பத்து மாதமாகட்டும் என்றார்.

மாதந்தோறும் அவனை ஆஸ்பத்திரியில் குழந்தை வளர்ச்சி பார்க்கும் அறைக்குக் கொண்டுபோவோம். ரெஜிஷா என்ற பெண் அங்கே இருந்தாள். பாயில் கிடத்தி மணி அடிப்பாள், விளக்கைக் காட்டுவாள், கையைப் பிடித்து உட்கார வைப்பாள். அபின் எல்லாவற்றையும் தாமதமாகச் செய்தான், ஆனாலும் செய்தான். உட்காரப் பழகினான். தவழப் பார்த்தபோது முன்னால் போக வராமல் பின்னாலேயே நகர்ந்து கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு அழுதான்.

ஒன்பது மாதம் முடிந்து போனபோது ரெஜிஷா ஒரு சிவப்புக் கிலுக்கை அவன் முன்னால் ஆட்டினாள். அவன் எட்டிப் பிடிக்க வந்தான். சட்டென்று அதைக் கைக்குட்டையால் மூடினாள். அபின் கைக்குட்டையைப் பார்த்தான். பிறகு தன் கால் பெருவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

"கண்ணுல மறஞ்சா அந்த சாமானமே இல்லேன்னு நெனைக்கியான், கேட்டியளா," என்றாள் ரெஜிஷா. "மறஞ்சாலும் அங்கதான் இருக்குன்னு அறியணும். துணிய எடுத்துப் பாக்கணும். வீட்டுல வச்சு தெனமும் இத வெளாட்டாக் களிங்க. ஒரு தடவ எடுத்தா கணக்கு இல்ல, கை தெரியாம பட்டு வந்திருக்கும். ரெண்டாமதும் எடுக்கணும்."

"எடுப்பான்," என்றார் அவன் அப்பா வினோஜ். "நான் பீடிய எங்க ஒளிச்சு வச்சாலும் இவ கண்டுபிடிச்சிருவா. அம்மைக்க புத்தி பிள்ளைக்கு வராமலா போவும்?"

ரெஜிஷா சிரித்தாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் பிள்ளையின் கால் பெருவிரலையே பிடித்துக்கொண்டு வந்தார்.

வினோஜுக்குக் குழித்துறை சந்தைக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் கையிலிருந்து வார்னிஷ் வாசம் போகாது. குளித்துத் துடைத்துத் தோளில் போடும் துவர்த்திலும் அதே வாசம்தான். அன்று முதல் சாயங்காலம் வந்ததும் பிள்ளைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்காருவார். துவர்த்தை எடுத்துத் தலைவழியாக மூடிக்கொள்வார்.

"அப்பா எங்க? அப்பாவக் காணல்லியே!"

அபின் துவர்த்தைப் பார்ப்பான். சுவரில் ஓடும் பல்லியைப் பார்ப்பான். என்னைப் பார்ப்பான். கொஞ்சம் பொறுத்து அவரே துணியை விலக்கி, "இன்னா இருக்கே!" என்பார். பிள்ளை ஈறு முழுவதும் தெரியச் சிரிப்பான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் அப்பா வந்ததுபோலத்தான் சிரிப்பான். முந்தின அப்பா எங்கே போனார் என்ற கேள்வி அவனுக்கு இல்லை.

நான் அடுக்களை வாசலில் உள்ளி உரித்தபடி பார்த்திருப்பேன்.

"நீங்க அவசரப்பட்டு எடுக்கிய. இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்."

"ஏட்டி, உள்ள இருக்கது நானாக்கும். மூச்சு முட்டுது."

"பிள்ளைக்கு வேண்டித்தானே. முட்டட்டு."

"அப்பம் சரி. இன்னைக்கு அவன் எடுக்காம நான் எடுக்க மாட்டேன்."

அப்படியே இருந்தார். வெகுநேரம் இருந்தார். உள்ளேயிருந்து "எடுக்கப் போறானா?" என்ற குரல் வந்தது.

"உறங்கியாச்சு," என்றேன்.

துவர்த்தை விலக்கினார். முகம் வேர்த்து வழிந்தது. அதே துணியால் முகத்தைத் துடைத்தார். கண்ணை மட்டும் இன்னொரு தடவை துடைத்தார்.

பக்கத்து விளையில் இருக்கும் பகவதி மைனி, அவருடைய அக்கா, இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "எனக்க மொவன் எட்டாம் மாசத்துல கட்டிலுக்கடியில கெடந்த செருப்பத் தேடி எடுத்து நக்கினான். ஒங்களுக்கு இதுக்கு ஆஸ்பத்திரி வேணும், பாடம் வேணும்."

"ஓ, அந்த செருப்பு நக்கினவன்தான் பத்தாம் கிளாஸ ரெண்டு தடவ எழுதினான்," என்றார் வினோஜ்.

"போலே சவமே," என்று சொல்லி அவர் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுப் போனாள் மைனி. போகும்போது பிள்ளையின் தலையைத் தொட்டுத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். அவளுக்கும் பயம் இருந்தது.

அந்த வாரம்தான். மழை தூறிக்கொண்டிருந்த காலையில் கடை திறக்கப் போனவர், ஆற்றுப் பாலம் தாண்டும் முன் பைக் சறுக்கி விழுந்தார். பின்னால் லாரி வந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

மறுநாள் உச்சி நேரத்தில் கொண்டுவந்தார்கள். நெற்றியைச் சுற்றி வெள்ளைக் கட்டு இருந்தது. முகம் அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து உடலின் மேல் விரிப்பார்கள். கோடி போடுவது என்பார்கள். என் தம்பி ராஜகுமார் கொண்டுவந்ததைக் கடைசியாக விரித்தார்கள். அது முகத்தையும் மூடியது.

வாய்க்கரிசி மகன் கையால் விழ வேண்டும் என்றார் சுயம்புலிங்கம் சித்தப்பா, வினோஜின் அப்பாவுக்குத் தம்பி. அபினைத் தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். பிள்ளையின் கையை விரித்து அரிசியை வைத்து மூடினார். யாராவது முகத்துணியை விலக்கட்டும் என்று நிமிர்ந்து பார்த்தார்.

அபின் துணியைப் பார்த்தான். ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கும் துணி. அதிலிருந்து என்ன வாசம் வந்ததோ எனக்குத் தெரியாது. கையிலிருந்த அரிசியைக் கொட்டிவிட்டுக் குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான்.

அப்பா இருந்தார்.

அபின் சிரித்தான். ஈறு முழுவதும் தெரிந்தது. முன்பக்கத்தில் ஒரு பல் வெள்ளையாக முளைத்திருந்தது. சிரித்துவிட்டுக் காத்திருந்தான். 'இன்னா இருக்கே' வர வேண்டுமல்லவா?

"பிள்ள அறியாம இழுத்துட்டு," என்று சித்தப்பா அவசரமாகத் துணியை இழுத்து மூடினார்.

அவன் இரண்டாம் தடவையும் இழுத்தான்.

"அத்தான்!" என்று நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். "ரெண்டாமதும் எடுத்துட்டான்! பாருங்க அத்தான், எடுத்துட்டான்!"

பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். "வெப்ராளத்துல என்னவெல்லாமோ பறையுதா," என்று யாரோ சொன்னார்கள். "பிள்ளைய மாத்துங்கோ சித்தப்பா, பிள்ளைய அங்கேருந்து மாத்துங்கோ!" என்று மைனி தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். கூடத்தில் அழாதவர் ஒருவருமில்லை. அப்பனை எழுப்பப் பார்க்கிறது பிள்ளை என்று நினைத்தார்கள். அவன் என்ன செய்தான் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னோர் ஆள் துணிக்கடியில் கிடந்தார்.

அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு அவன் நிறுத்தவேயில்லை. முன்னால் தவழவும் வந்துவிட்டது. தலையணை உறை, போர்வை, மாவுச் சட்டியை மூடிய துணி, துட்டி கேட்க வந்தவர்களின் முந்தானை என்று எது கண்ணில் பட்டாலும் போய்த் தூக்கிப் பார்த்தான். பார்ப்பான், கொஞ்சம் காத்திருப்பான், அடுத்ததற்குப் போவான்.

"துணிய எல்லாம் தூக்கி மேல வையி பிள்ளே," என்றாள் மைனி. "என்னால கண்டு நிக்க முடியல்ல."

நான் வைத்தேன். வீட்டில் எத்தனை துணிதான் மேலே வைக்க முடியும்?

அடுத்த மாதம் ராஜகுமாருடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஜிஷா கிலுக்கை மூடினாள். அபின் கைக்குட்டையை எடுத்தான். மறுபடி மூடினாள், மறுபடி எடுத்தான். அவள் கைதட்டினாள்.

"இனி பயப்படாண்டாம்! எப்பம் தொடங்கினான்?"

"வீட்டுல... ஆளு கூடியிருந்த ஒரு நாளு."

"அவனுக்க அப்பா எங்க, வரல்லியா? அவியளுக்குத்தானே ரொம்ப ஆசை."

ராஜகுமார் வெளியே எழுந்து போனான். நான் சொன்னேன். ரெஜிஷாவின் கை கைக்குட்டையின் மேல் அப்படியே நின்றது. பிறகு எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பாடத்தை என்னிடமும் சொல்லத் தொடங்கினாள். "களிய நிறுத்தாண்டாம். நீங்க துணிய மொகத்துல போட்டுக் களிங்க. மறஞ்ச ஆளு திரும்ப வரும்னு அவனுக்கு மனசுல..."

முடிக்காமல் குனிந்து கிலுக்கைப் பெட்டிக்குள் வைத்தாள். அபின் பெட்டியைத் திறக்கப் போனான்.

வீட்டுக்கு வந்து துவர்த்தை எடுத்தேன். நான் துவைக்காமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான். பிள்ளைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து மூடிக்கொண்டேன். உள்ளே முழுக்க அவர் வாசம். மூச்சு முட்டத்தான் செய்தது. அபின் வேகமாக வந்தான். இத்தனை வேகமாக அவன் எதற்கும் வந்ததில்லை. இழுத்தான். என்னைப் பார்த்தான். பிறகு துவர்த்தைத் திருப்பி அதன் மறுபக்கத்தைப் பார்த்தான்.

நான் அதை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஒரு வயது நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில், பின்முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டேன். அபின் தவழ்ந்து வந்து, தாழத் தொங்கிய என் சேலையைப் பிடித்து எழுந்து நின்றான். சேலையை விலக்கிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் பாவாடை தொங்கியது. இடையில் இடைவெளி இருந்தது. சேலையை விட்டான். கை இரண்டும் காற்றில் நிற்க, ஒரு கால், பிறகு இன்னொரு கால். பாவாடையைப் பிடித்தான்.

அதுதான் அவன் நடந்த முதல் நடை. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை.

பாவாடைக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை. அவன் அடுத்த துணிக்கு நடந்தான். கொடியின் கடைசியில் கட்டில் விரிப்பு தரை தொட்டுத் தொங்கியது. அதற்குப் பின்னாலும் ஒன்றுமில்லை என்று அவன் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. ஓடிப்போய் விரிப்புக்குப் பின்னால் நின்றேன்.

விரிப்பின் ஓரம் விலகியது. அபின் என்னை அண்ணாந்து பார்த்தான். தலையைச் சாய்த்து எனக்குப் பின்னால் பார்த்தான். எனக்குப் பின்னால் மரச்சீனிச் செடிகள்தான் நின்றன. அதற்கப்புறம் துணி எதுவும் இல்லை.

அழுவான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை. விரிப்பைப் பிடித்த கையை விட்டான். அது அவன் மேலேயே விழுந்து அவனை மூடியது. வெளியே வர முயலாமல் அப்படியே நின்றான். விரிப்புக்குக் கீழே கால்விரல் பத்தும் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. அவன் இப்போது தேடவில்லை, ஒளிந்திருந்தான். யாராவது கேட்க வேண்டும். யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். உள்ளி உரித்தபடி எத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறேன்.

"அபின் எங்க?" என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் மூச்சுக்கு ஈர விரிப்பு கொஞ்சமாக உப்பி அடங்கியது. 'காணல்லியே' என்ற மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. விரிப்பின் ஓரத்தைப் பிடித்த கையோடு நான் நின்றேன். அவன் உள்ளே காத்திருந்தான்.