கைதட்டாத பிறந்தநாள்

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. என் கைப்பேசிக்கு வந்த ஓர் அழைப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. வேங்கிக்கால் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காரும் சந்திரகலா, மகள் எழிலின் ஏழாவது பிறந்தநாளுக்கு அனுப்பியிருந்தாள்:

“ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாங்க. பலூன், பாட்டு வேண்டாம். கை தட்ட வேண்டாம். சந்தோஷமா இருந்தா ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுங்க. எழில் ரூமை விட்டு வெளிய வரலைன்னா கூப்பிடாதீங்க. அவ வந்தாலும் வராட்டியும் கேசரி உண்டு.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்ப்பேன் என்றாள் சந்திரகலா. அடைப்புக்குறிக்குள் திட்டு விழுந்திருந்தால், அது அவளுடையது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: எழில் பேசாத குழந்தை. பாவம், அவளுக்கென்று ஒரு தனி உலகம்…

(“பாவம்லாம் போடாதீங்கக்கா. தனி உலகமும் கெடையாது. எல்லாருக்கும் இருக்கிற உலகம்தான். அவளுக்கு அதுல சத்தம் ஜாஸ்தி.”)

சரி. போன வருடத்திலிருந்து தொடங்குகிறேன்.

போன வருடப் பிறந்தநாளுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சந்திரகலாவின் அண்ணன் கண்ணாயிரம் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் குரல் நான்கு கழனி தாண்டிக் கேட்கும்.* அவர் வாழ்த்துச் சொல்லிக் கை தட்ட, கூட்டமே தட்ட, ஒரு பலூன் வெடித்தது. எழில் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

“செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க. நாலு போட்டா சரியாயிடும்” என்றார் கண்ணாயிரம்.

“கெளம்புண்ணா” என்றாள் சந்திரகலா.

அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

* மிகையில்லை. அவர் மனைவி ஜோதியம்மாள் அளந்து சொன்னது.

3

பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். ஆட்டிசம் என்றார். சந்திரகலா கலங்காமல் கேட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தேன்.

(“அழுதேன்க்கா. ஆனா அப்புறம் நல்லா தூங்கினேன். ஆறு வருசமா எம்மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”)

பயிற்சி மையத்துக்கு எழிலை வாரம் இரண்டு நாள் அழைத்துப் போனாள். சந்தோஷம் வந்தால் எழில் இரண்டு கைகளையும் தோளுக்கு நேரே தூக்கிப் படபடவென்று ஆட்டுவாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று சந்திரகலா அந்தக் கைகளைப் பிடித்து இறக்குவது வழக்கம். மையத்தில் இருந்த நந்தினி மேடம் அதைப் பார்த்துவிட்டு, “அவ சிரிக்கிறா. நீங்க ஏன் வாயப் பொத்தறீங்க?” என்று கேட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சந்திரகலாவும் கைகளைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். எழில் அம்மாவையே பார்த்தாள். பிறகு அவளும் ஆட்டினாள். அந்த வீட்டில் அதுதான் ஒத்திகை.

4

இங்கே கண்ணாயிரம் மனம் திருந்தும் காட்சி ஒன்று வைத்திருந்தேன். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “போன வருசம் நான் சொன்னது…” என்று தொடங்கி, குரல் உடைந்து…

(“எங்கண்ணன் மன்னிப்பெல்லாம் கேக்காது.”)

நடந்தது இதுதான். அழைப்பை அண்ணனுக்கும் அனுப்பினாள். பதில் வராது என்றுதான் நினைத்தாள். மறுநாள் தொலைபேசி வந்தது. எடுத்தால் மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும்.

“அண்ணா, ஒண்ணும் கேக்கல.”

கொஞ்சம் கழித்துக் கண்ணாயிரத்தின் சொந்தக் குரல் வெடித்தது: “அப்ப சரியாத்தான் பேசறேன். இந்த அளவு போதுமா, இன்னும் கம்மி பண்ணணுமா?”

சந்திரகலா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

5

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நானும் அங்கே இருந்தேன். கண்ணாயிரம் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். ரிவர்ஸ் எடுத்தால் அது பாட்டுப் பாடுமாம். அவர் குடும்பத்தார் பதினோரு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பின்னால் கண்ணாயிரம், தலையில் ஒரு மூட்டை மல்லாட்டை. (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.)

“ஒரு வாரமா கழனில பழகறாரு” என்று ஜோதியம்மாள் என் காதருகே சொன்னார். “மாட்டக்கூட மெதுவாத்தான் கூப்புட்டாரு. அது திரும்பியே பாக்கல.”

எழில் அறைக்குள் இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பேசாமல் உட்கார்ந்து பழக்கமில்லாத கூட்டம் அது. வாயை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாயிரம் மூட்டையைப் பிரித்து மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். ஜோதியம்மாள் உட்கார்ந்தார். எழிலின் அப்பா பிரசாத், நான் என்று எல்லோரும் உட்கார்ந்தோம். கூடம் முழுக்க டப், டப் என்று ஓடு உடையும் சின்னச் சத்தம்.

அறைக் கதவு திறந்தது.

எழில் யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மூட்டைக்கு வந்தாள். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து நசுக்கினாள். டப். இன்னொன்று. பிறகு உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாமாவின் சட்டைப் பையில் போட்டாள். பை நிரம்பியதும் கழுத்துப்பட்டி வழியாக முதுகுக்குள். கூச்சம் தாங்காமல் நெளிந்தார் கண்ணாயிரம். கண்ணில் நீர் முட்டச் சிரித்தார், சத்தமே வராமல்.

அவர்தான் முதலில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். பிறகு எல்லோரும் ஆட்டினோம். எழில் நிமிர்ந்து பார்த்தாள். கூடம் நிறைய, பெரியவர்கள் எல்லோரும், அவளுடைய மொழியில்.

அவளும் கைகளைத் தூக்கினாள். படபடவென்று ஆட்டிக்கொண்டே குதித்தாள். யாரும் அவள் கைகளைப் பிடித்து இறக்கவில்லை.

6

இந்த மாதிரிக் கதைகளில் குழந்தை இங்கே “மாமா” என்று சொல்லவேண்டும். எனக்கும் ஆசைதான். ஒரு பிரதியில் சொல்லவும் வைத்தேன்.

(“அவ சொல்லல. சொல்லித்தான் ஆவணுமாக்கா?”)

வேண்டியதில்லை. அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன். எழில் ஒரு கிண்ணம் கேசரியில் முந்திரியை மட்டும் தின்றுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். சந்திரகலா மிச்சத்தை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

7

திரும்பும்போது பேருந்து நிலையம் வரை எனக்கும் வேனில் இடம் கொடுத்தார்கள். முக்கிய சாலைக்கு வரும் வரை யாரும் வாய் திறக்கவில்லை. திரும்பியதும் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். கண்ணாயிரத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்த அந்தப் பேச்சில்தான் கதையின் முடிவு இருந்திருக்கவேண்டும். கூச்சலில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. நானும் கத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சத்தமாக வேண்டுமானாலும்.