ஆறு மணிக் கைதட்டல்

"பொய்! பச்சைப் பொய்!" என்று பத்திரிகையை மேஜைமேல் வீசினார் முதலாளி.

அட்டைப்பெட்டிகளுக்கு வடிவம் வரைந்து தரும் கம்பெனி அது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கிய காலத்தில் அவரே உண்டாக்கிய வழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு முதலில் பையைத் தூக்குகிறவருக்கு மற்றவர்கள் கை தட்டுவார்கள். வேலையை முடித்த கெட்டிக்காரருக்குப் பாராட்டு. இன்று மாடி முழுக்க ஆட்கள். வழக்கம் மட்டும் மாறவில்லை. அதைத்தான் பத்திரிகை, 'கை தட்டி அவமானப்படுத்தும் கம்பெனி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இப்போ அந்த நிருபர் உங்ககிட்ட பதில் கேட்டுக் கூப்பிடுவான் மச்சான். 'பொய்'னு ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார் மேலாளர். முதலாளியின் தங்கை புருஷன். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். "யார் வத்தி வச்சதுன்னும் தெரியும். அந்த டிசைன் பொண்ணுதான். இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுவோம்."

"வரச்சொல்லு மாப்ளே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீதானேம்மா நிருபர்கிட்ட பேசினே?"

"இல்ல சார்."

"பின்ன, சுவரா பேசுச்சு?" என்று பாய்ந்தார் கடிகாரம்.

"நான் பேசியிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன் சார்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "என்னத்தைச் சொல்லியிருப்பே?"

"போன மாசம் குழந்தைக்குக் காய்ச்சல். ஆறு அடிச்சதும் எந்திரிச்சேன். தட்ட ஆரம்பிச்சாங்க. 'மகாராணி கிளம்பிட்டாங்க, வழி விடுங்கடா'ன்னு ஒருத்தர். 'பாவம், உழைச்சு உழைச்சு இளைச்சுட்டாங்க'ன்னு இன்னொருத்தர். வாசல் வரைக்கும் தட்டினாங்க. இப்பல்லாம் மத்தியானமே பையைக் கீழே காவல்காரர்கிட்ட குடுத்துட்டு, கை கழுவப் போற மாதிரி வெறுங்கையோட இறங்கிடறோம். பாதிப் பேர் அப்படித்தான் சார்."

"என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

அவள் அறையின் கண்ணாடிச் சுவரைக் காட்டினாள். "அன்னிக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நீங்களும் சிரிச்சுக்கிட்டே தட்டினீங்க சார்."

தட்டியது நினைவிருந்தது. 'எங்க ஆபீஸ்ல ஒரே கலகலப்பு' என்று அன்றிரவு மனைவியிடம் பெருமையடித்ததும் நினைவிருந்தது.

போன் அடித்தது. நிருபர்தான். கடிகாரம் உதட்டை மட்டும் அசைத்து 'பொய், பொய்' என்று சைகை காட்டினார்.

"நீங்க எழுதினது நிஜம்தான்" என்றார் முதலாளி. "ஆரம்பிச்சு வச்சவனே நான்தான். அதையும் போட்டுக்குங்க."

"தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே மச்சான்!"

"பேசாதே மாப்ளே. இந்தப் பொண்ணு இங்கேதான் இருக்கும்."

ஆறு அடித்தது. அவரே ஊழியர்கள் நடுவே போய் நின்றார். "இனிமே கைதட்டல் கிடையாது. வீட்டுக்குக் கிளம்புங்க."

ஒருவரும் அசையவில்லை. விசைப்பலகைகள் முன்னைவிட வேகமாகத் தட்டப்பட்டன.

"சொல்றேன்ல, கிளம்புங்கப்பா!" குரல் கெஞ்சலாகிவிட்டது. தலைகள் இன்னும் தாழ்ந்தன. தன்னைக் கண்டு இவ்வளவு பயமா? இதைப் பத்திரிகைக்காரன்கூட எழுதவில்லையே!

டிசைன் பெண் அருகே வந்து மெல்லச் சொன்னாள்: "நீங்க உள்ளே போயிடுங்க சார். நீங்க நிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

அறைக்குள் போய்க் கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டார். அதன் பிறகுதான், ஒவ்வொன்றாக, நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.