நூற்றுக்கு நாற்பத்தைந்து பிஞ்சு

நூற்பாலை ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டு நான் எண்ணிக்கொண்டிருந்தது பஞ்சு இழைகளை அல்ல, என் மச்சினனின் திருட்டுகளை. முப்பது வருடத்தில் நான் எண்ணிய இழைகளை முடிச்சுப் போட்டால் நிலா வரைக்கும் போய், அங்கே கொடி கட்டித் துணியும் காயப்போடலாம். என் கண்ணையா ஏமாற்றுவான்?

காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் முற்றிய இழை, விருந்து முடித்த மாப்பிள்ளை போல உப்பி உருண்டுவிடும். பிஞ்சு இழை நாடாவாகத் தட்டையாகவே கிடக்கும். அன்று நூற்றுக்கு நாற்பத்தைந்து அப்படிக் கிடந்தது; நூலுக்கு ஆகாத மட்டப் பஞ்சு. ஆலைக்காக அந்தப் பஞ்சை வாங்கியவன் மச்சினன். புதுச் சட்டை, புதுச் செருப்பு, போன வாரம் காரணமே இல்லாமல் அவன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, ஒரு கைக்கடிகாரம். கமிஷன் அடித்திருக்கிறான். மேலாளரிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். சாயங்காலமே அவன் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

மச்சினன் வந்து நின்றான். "மச்சான், தொட்டுப் பாத்துத்தான் வாங்கினேன். போன வருஷப் பஞ்சையும் இதே தண்ணியில போட்டுப் பாருங்க."

"எனக்கே பாடமா? அக்காவுக்குக் கடிகாரம் குடுத்தியே, எனக்கும் ஏதாவது குடுத்துப் பாரேன்."

"உங்களுக்குக் குடுத்தா அதையும் கண்ணாடித் தகட்டுல வெச்சுப் பாப்பீங்க."

அவனை இன்னும் நன்றாக மாட்டிவிடுவதற்காகவே, முதல் தரம் என்று நானே கையெழுத்திட்டு வைத்திருந்த போன வருட மாதிரியைப் போட்டேன். அதுவும் உப்பவில்லை. நூற்றுக்கு நாற்பத்திரண்டு நாடா.

கரைசல் குப்பியைத் தூக்கினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. காற்றுப் பட்டுப் பட்டுக் கரைசல் வீரியம் இழந்திருந்தது. மச்சினன்தான் மூடியைத் தளர்த்தியிருப்பான் என்று மனம் சட்டென்று கிளம்பியது. ஆனால் குப்பியை வைத்துப் பூட்டும் அலமாரிச் சாவி என் இடுப்பில். கரைசல் கலந்தது நான். வாராவாரம் வீரியம் சோதித்ததாகப் பதிவேட்டில் பதினாறு கையெழுத்து, பதினாறும் என்னுடையவை. ஒரு வாரம்கூடச் சோதித்ததில்லை.

புதுக் கரைசல் கலந்து இரண்டு பஞ்சையும் போட்டேன். மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன, மச்சினனுக்குன்னு தனியாக் கலக்குறீங்களா?"

"இல்ல சார். பழசுதான் கெட்டுப்போச்சு."

"யாரு பொறுப்பு?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மச்சினன் நின்றிருந்தான். நான் பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். மேலாளர் ஒரு கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே ஒவ்வொன்றாக உப்பி உருளும் இழைகளைப் பார்த்தபடியே, விரலால் தடவிப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார்.